எதிரெதிரே அமர்ந்த எட்டுப் பேர்

'எட்டுப் பேர் இரண்டு வரிசைகளில் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள்' என்று ஆரம்பிக்கும் கேள்வியை எங்கே பார்த்தாலும் நான் பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் அடுத்த கட்டத் தேர்வுக்குப் படிக்கிறார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "மேடம், இதை ஒரு கை பாருங்க. நீங்க இதுல புலின்னு சொல்றாங்களே" என்பார். தலைவலிக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். நான் புலி இல்லை. புலி வேறு ஒருத்தி. அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எனக்கு வரவர முடியாமல் போகிறது.

எங்கள் ஊர் சிலமலை. பி.காம். முடித்துவிட்டு போடியில் ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கடையை மூடிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மேலே மலைத் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போனேன். டிகிரி படித்த பெண் காய் எடுக்கப் போவது எங்கள் பக்கம் ஒன்றும் அதிசயம் கிடையாது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புக்கு ஒருத்தியாவது இருப்பாள். ஆனால் எனக்கு அது பெரிய தலைகுனிவாக இருந்தது. அதை மறைக்கத்தான் பையில் எப்போதும் ஒரு அரசுத் தேர்வுக் கைடு வைத்திருந்தேன். யாராவது கேட்டால், "சும்மா கொஞ்ச நாளைக்கு வர்றேன், பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருக்கேன்" என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்லுவேன்.

எங்கள் ஜீப்புக்கு ஆள் சேர்ப்பது மதினி. என் பெரியப்பா மகனைக் கட்டியவள், அதனால் முறைக்கு எனக்கு மதினி. என்னைவிட இரண்டே வயது மூத்தவள். பத்தாவதில் நல்ல மார்க்கு எடுத்தவள் என்று ஊரில் சொல்வார்கள். அதற்கு மேல் அவளைப் படிக்கவைக்க ஆள் இல்லை. விடியுமுன் ஐந்தரை மணிக்கு ஜீப்பு வந்து நிற்கும்போது அவள் ஒரு சாக்குப் படுதாவைத் தலையில் போட்டுக்கொண்டு பின்பக்கக் கதவருகே நிற்பாள். யார் எங்கே உட்காருவது என்பதை அவள்தான் சொல்லுவாள். அவள் சொல்லாமல் யாரும் ஏறுவதில்லை.

வெளியாளுக்கு இது அதிகாரமாகத் தெரியலாம். உண்மையில் அது பெரிய மண்டைக் குடைச்சல். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. பெஞ்சுக்கு நாலு பேர் என்பது சட்டம், ஐந்து பேர் என்பது நடப்பு. வாந்தி எடுக்கிறவள் ஓரத்தில் இருக்க வேண்டும். மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், எதிரெதிரே உட்காரக் கூடாது, ஏனென்றால் முகம் பார்த்தால் சண்டை. வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன இரண்டு வீட்டுப் பெண்களுக்கு நடுவில் ஒரு வாயாடியை வைக்க வேண்டும். முழங்கால் வலிக்காரி கதவுப் பக்கம். இவ்வளவும் தினமும் மாறும், தினமும் யாராவது வரமாட்டார்கள், யாராவது புதிதாக வருவார்கள். மதினி இரண்டு நிமிஷம் எங்களைப் பார்த்தபடி நிற்பாள். பிறகு, "ஆத்தா நீங்க அங்குட்டு. சித்தி இங்குட்டு. ஏ பிள்ள, நீ அவளுக்கு எதுத்தாப்புல. வெரசா ஏறுங்க" என்பாள். மலை ஏறி இறங்கும் வரைக்கும் ஒரு சண்டைச் சத்தம் இருக்காது.

டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் முன் சீட்டு மட்டும் தனி. அங்கே சாரல் அடிக்காது, காலை நீட்டிக்கொள்ளலாம். காய்ச்சல்காரி யாராவது இருந்தால் அங்கே போவாள். எஸ்டேட் சூப்பர்வைசர் வந்தால் அவருக்கு அந்த இடம். இன்னொரு வகை ஆளுக்கும் அந்த இடம் கிடைக்கும் என்பதை நான் போன புதிதில் பார்த்தேன். மழைக்கு மற்றவர்கள் ஒதுங்கி நின்றதை ஒருத்தி சூப்பர்வைசரிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். மறுநாள் மதினி அவளைத் திட்டவில்லை. "நீ முன்னாடி ஏறிக்கோத்தா, எடம் விசாலமா இருக்கும்" என்றாள். மறுநாளும் அதேதான். முன்னால் உட்கார்ந்தவளுக்கு இன்ஜின் இரைச்சலில் பின்னால் பேசுவது எதுவும் கேட்காது. ஒரு மாதத்தில் அவளே வேறு ஜீப்புக்குப் போய்விட்டாள்.

கைடில் எனக்கு மற்றதெல்லாம் ஓடும். வரலாறு ஓடும், இலக்கணம் ஓடும், வயதுக் கணக்கு நன்றாகவே வரும். திறனறிவுப் பகுதியில் ஒப்புமையும் தர்க்கமும் வந்தால் மட்டும் கண்ணைக் கட்டும். ஜீப்பில் படிக்கலாம் என்றால் மலையடியில் முந்தல் ஊரைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்துவிடும். பதினேழு கொண்டை ஊசி வளைவில் எழுத்தைப் பார்த்துக்கொண்டு போனால் குடல் வாய்க்கு வரும். ஒரு நாள் அப்படி மதினியின் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். அவள் துடைத்துக்கொண்டே, "கீழ இருக்கையிலேயே ஒரு கேள்விய சத்தமா படிச்சிரு. பொஸ்தகத்த மூடி வச்சிட்டு மேல போற வரைக்கும் யோசி. எங்களுக்கும் பொழுது போகும்" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. செல்போன் வெளிச்சத்தில் ஒரு கேள்வியை உரக்கப் படிப்பேன், புத்தகத்தைப் பைக்குள் போடுவேன். போடிமெட்டில் டீக்கு நிறுத்தும்போது விடை. 'மழைக்குக் குடை என்றால் குளிருக்கு என்ன?' என்று ஒரு கேள்வி. கம்பளி, விறகு, தேநீர், கூரை என்று நாலு விடை. முழங்கால் வலி பெரியம்மா, "மழைக்கு எவடி குடை புடிச்சா? படுதாதான். கேள்வியே தப்பு" என்று கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. 'எல்லா மரங்களும் நாற்காலிகள், சில நாற்காலிகள் பறவைகள்' என்று இன்னொரு கேள்வி வந்ததும் ஜீப்பே சிரித்தது. மதினி மட்டும் சிரிக்கவில்லை. "அவன் சொல்றத அப்படியே வச்சுக்கிட்டுத்தான் யோசிக்கணும். மழை பெய்யலன்னு மொதலாளி சொன்னா நம்ம நனஞ்சுக்கிட்டே ஆமான்னு சொல்றோம்ல, அந்த மாதிரி" என்றாள். கைடில் அந்தப் பாடத்துக்கு நாலு பக்க விளக்கம் இருந்தது. எனக்கு அதில் புரியாதது அந்த ஒரு வார்த்தையில் புரிந்தது.

எட்டுப் பேர் கேள்வி முதல்முதலாக வந்த அன்றைக்கு நான் படித்து முடிப்பதற்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எட்டு வளைவு தாண்டவில்லை, விடையைச் சொல்லிவிட்டாள். புத்தகத்தின் பின்பக்கம் பார்த்தேன், சரி. எப்படி மதினி என்று கேட்டால், "இதென்ன, தெனமும் பண்ற சோலிதானே. இதுல முழங்கால் வலி, வாந்தி எல்லாம் இல்ல. எட்டே பேருதான்" என்றாள். அதிலிருந்து அந்த மாதிரிக் கேள்வி வந்தால் பெஞ்சுக்கு நாலு பேரைப் பொறுக்கி ஆளுக்கொரு எழுத்து வைப்போம். எனக்கு எதிரே மதினி. மிச்சம் இருப்பவர்கள் நடுவர்கள். எதிரே இருப்பவரின் வலது கை என் இடது கைப் பக்கம் வரும் என்பதை ஒரு வருடமாகக் காகிதத்தில் தப்புத் தப்பாகப் போட்ட நான், அவள் கையைப் பிடித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

தோட்டத்திலும் அது தொடரும். ஏலச்செடிக்கு அடியில் குனிந்து, சரத்தில் விளைந்த காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டிருப்போம். நாலு செடி தள்ளி இருந்து, "ஏ நாத்தனாரே, அந்தக் கடைசி ஆளு ஓரத்துல இருக்க முடியாதுடி, ரெண்டாவது ஆளுக்கு எடம் இல்லாமப் போயிரும்" என்று அவள் குரல் வரும். அந்த மாதங்கள்தான் நான் மேலே போய் சந்தோஷமாக இருந்த மாதங்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

தேர்வு அறிவிப்பு வந்தது. நான் விண்ணப்பம் போட்டேன். அதற்கு மூன்றாம் நாள், பத்து மணிச் சாப்பாட்டுக்கு ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். நான் கணுக்காலில் ஏறியிருந்த அட்டையின் மேல் உப்பு போட்டுக்கொண்டிருந்தேன். மதினி தூக்குவாளி மூடியைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"இந்தப் பரீட்சைக்கு என்ன படிச்சிருக்கணும்?"

"டிகிரி" என்றேன்.

"பத்தாவதுக்குக் கெடையாதா?"

"முன்னாடி இருந்துச்சு மதினி. இப்ப மாத்திட்டாங்க."

அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். பத்தாவது போதும் என்பது எனக்குத் தெரியும். அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே இருந்தது. முதல் பொய்யாவது வாய் தவறி வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதை நான் யோசித்துச் சொன்னேன். அதோடு நிற்கவில்லை. பத்தாவதோடு நின்றவர்களுக்கு வயது வரம்பு உண்டு, மேலே படித்த எங்களைப் போன்றவர்களுக்குக் கிடையாது. அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அட்டை சுருண்டு விழுவதற்குள் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். அவளுக்கு அந்த வருடம்தான் கடைசி. எனக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல காரணம் தேடினேன். அவள் படிக்க ஆரம்பித்தால் எனக்கு உதவ நேரம் இருக்காது என்று நினைத்ததாக ஒன்று. வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளால் முடியாது என்று இரக்கப்பட்டதாக ஒன்று. எல்லாம் சப்பைக்கட்டு. நிஜம் பொறாமை. என்னோடு உட்கார்ந்து எழுதினால் அவள் தேறிவிடுவாள், நான் தேறமாட்டேன், ஊர் அதைப் பேசும். டிகிரி என்ற ஒன்றுதான் அந்த ஜீப்பில் எனக்கென்று இருந்தது.

கடைசித் தேதிக்கு அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாளும் அவள் எனக்கு விடை சொன்னாள். ஒவ்வொரு நாளும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஏறுவேன், சாயங்காலம் சொல்லாமல் இறங்குவேன். கடைசி நாள் நல்ல மழை. வேலை சீக்கிரம் முடிந்து போடி வழியாகத் திரும்பினோம், கம்ப்யூட்டர் சென்டர்கள் எல்லாம் திறந்துதான் இருந்தன. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் எழுந்தபோது எனக்கு வந்தது நிம்மதி. அதைவிடக் கேவலமான நிம்மதியை நான் பட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை மதினி வேலைக்கு வரவில்லை. மகளுக்கு வருமானச் சான்று எடுக்கப் போடிக்குப் போயிருந்தாள். திங்கட்கிழமை ஜீப்பு வந்தது. வழக்கம்போல இரண்டு நிமிஷம் எங்களைப் பார்த்தபடி நின்றாள். எல்லாருக்கும் இடம் சொன்னாள். கடைசியாக என் பக்கம் திரும்பினாள்.

"நீ முன்னாடி ஏறிக்கோ. எடம் விசாலமா இருக்கும். படிக்க வசதி."

எனக்கு அப்போது சளி பிடித்திருந்தது. அதற்காகத்தான் சொல்கிறாள் என்று நினைத்து ஏறிவிட்டேன், சொன்னால் நம்புவீர்களா. சாயங்காலம் மாத்திரை வாங்கப் போடியில் இறங்கினேன். மருந்துக்கடைக்குப் பக்கத்தில்தான் சான்றிதழ் எல்லாம் பதிந்து தரும் கம்ப்யூட்டர் சென்டர். வாசலில் கரும்பலகை. 'அரசு வேலை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும்' என்று சாக்பீஸில் பெரிதாக எழுதி, கீழே கடைசித் தேதி போட்டிருந்தது. தேதி போய்விட்டிருந்தது, எழுத்தை யாரும் அழிக்கவில்லை. சனிக்கிழமை அவள் இந்த வாசலில்தான் வரிசையில் நின்றிருப்பாள். மாத்திரை வாங்காமலே ஊருக்குப் பஸ் ஏறினேன்.

மறுநாளும் முன் சீட்டு. அதற்கு மறுநாளும். பின்னாலிருந்து முழங்கால் வலி பெரியம்மா, "என்ன, இன்னைக்கும் கேள்வி இல்லையா?" என்று கேட்டது ஜீப்பு கிளம்புவதற்கு முன்னால் என் காதில் விழுந்தது. மதினி, "பிள்ள பரீட்சைக்குப் படிக்குது. தொந்தரவு பண்ணாதீங்க" என்றாள். அதில் குத்தல் கூட இல்லை. டிரைவர் அண்ணன் நல்ல மனுஷன், என்னைப் பார்த்துச் சங்கடமாக ஒரு பாட்டைப் போட்டுவிடுவார். முன்னால் உட்கார்ந்தால் வளைவில் குமட்டுவதில்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்காமல் போடிமெட்டு வரைக்கும் போவேன்.

ஒரு நாள் தோட்டத்தில் வேண்டுமென்றே அவளுக்குப் பக்கத்துச் செடியில் போய்க் குனிந்தேன்.

"மதினி, நான் உங்ககிட்ட ஒண்ணு..."

"உன் கூடையில பிஞ்சு கெடக்கு. பாத்து எடு, சூப்பர்வைசர் வர்றாரு."

கூடையைப் பார்த்தேன். பிஞ்சுதான் கிடந்தது. நான் தலையை நிமிர்த்துவதற்குள் அவள் மேல் வரிசைக்குப் போய்விட்டாள். அதற்கு மேல் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால், ஊர் கூட்டி நாறடித்திருந்தால், நானும் பதிலுக்கு ஏதாவது கத்திவிட்டு அழுதிருப்பேன். அவள் எனக்கு அந்த வாய்ப்பையே தரவில்லை.

தேர்வு தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில். திறனறிவுப் பகுதியில் எட்டுப் பேர் வந்தார்கள். இரண்டு வரிசை, எதிரெதிரே, ஆறு நிபந்தனை. வினாத்தாளின் ஓரத்தில் நான் ஜீப்பை வரைந்தேன். முழங்கால் வலி பெரியம்மாவைக் கதவுப் பக்கம் வைத்தேன், மாமியாரையும் மருமகளையும் ஒரே பெஞ்சில் வைத்தேன், பேச்சில்லாத இரண்டு பேருக்கு நடுவில் வாயாடியை வைத்தேன். எனக்கு எதிரே மதினி. அவளுடைய வலது கை எந்தப் பக்கம் என்று பார்க்க என் கையைத் தூக்கினேன். மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியை என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கையைக் கீழே போட்டேன். விடை கிடைத்துவிட்டது.

தேர்வு முடிந்த மறுவாரம் நான் வேறு ஜீப்புக்குப் போய்விட்டேன்.

முடிவு வர மாதக்கணக்காயிற்று. கட்டக்கடைசியில் தொங்கிக்கொண்டிருந்தாலும் பட்டியலில் என் எண் இருந்தது. இரண்டு மாவட்டம் தள்ளி ஓர் ஊரில் இளநிலை உதவியாளர் வேலை. கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில், போகாமல் இருந்துவிடலாமா என்று பத்துத் தடவை யோசித்து, ஐந்தரை மணிக்கு ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போனேன். மதினி படுதாவைப் போட்டுக்கொண்டு கதவருகே நின்றுகொண்டிருந்தாள். பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆர்டர் வந்துருச்சு மதினி. நாளைக்குக் கெளம்புறேன்."

"கேள்விப்பட்டேன். சந்தோசம்" என்றாள். கொஞ்ச நேரம் ஜீப்புக்குள் பார்த்துவிட்டு, "எட்டுப் பேரு கணக்கு வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு."

"சொல்லு."

ஆறு நிபந்தனையும் எனக்கு மனப்பாடமாக இருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் பெஞ்சில் இருந்தவர்களை இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று பார்வையாலேயே பிரித்து வைத்தாள். டிரைவர் அண்ணன் கிளப்பிய இன்ஜின் சூடேறக்கூட இல்லை, அதற்குள் விடை வந்துவிட்டது.

"ஆறாவது ஆளுக்கு எதுத்தாப்புல மூணாவது ஆளு. சரியா?"

"சரி மதினி."

படுதாவை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, கம்பியைப் பிடித்து ஏறிக் கதவோரத்தில் உட்கார்ந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்ப இதுக்குப் பத்தாவது போதும்தான்."

நான் அந்த இடத்திலேயே நின்றேன். ஜீப்பு போடிப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.